ஒரு நாள் முழுவதும் ஜவுளி எடுக்க வேண்டியிருக்கிறது. களைப்பும் மனக்கசப்பும் இல்லாமல் அந்த நாளைக் கழிப்பது எப்படி?

தேவகோட்டைப் பெண் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வருகிற தை மாதத்தில் என் தங்கைக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. முகூர்த்தப் பட்டு, உறவுமுறையில் கொடுக்க வேண்டிய புடவைகள், ஆண்களுக்கு வேட்டி துண்டு, பிள்ளைகளுக்குச் சட்டை பாவாடை ஆகிய எல்லாவற்றையும் மதுரையில் ஒரே நாளில் எடுத்துவிட வேண்டும் என்று அப்பச்சி (அப்பா) சொல்லிவிட்டார்கள். அண்ணன் திருமணத்துக்கு ஜவுளி எடுக்கப் போனபோது, காலையில் சிரித்துப் பேசிக்கொண்டு வண்டியில் ஏறிய அத்தனை பேரும், மாலையில் ஆளுக்கொரு சன்னலைப் பார்த்துக்கொண்டு திரும்பினோம். எடுத்த துணியில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த நாளைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்றும் வீட்டில் யாராவது எழுந்து போய்விடுகிறார்கள்.

இந்த முறை என் தங்கையாவது அந்த நாளை ரசிக்க வேண்டும் என்பது என் ஆசை. எத்தனை பேர் போகலாம், முகூர்த்தப் பட்டை முதலில் எடுப்பதா கடைசியில் எடுப்பதா, கால் வலியுள்ள அப்பத்தாவை அழைத்துப் போவதா வேண்டாமா என்று எனக்குள் பல கேள்விகள் இருக்கின்றன. அப்பத்தாவை விட்டுவிட்டுப் போனால் அது திருமணம் முடிந்த பிறகும் தொடரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

மகளே, ஜவுளிக் கடையில் நடக்கும் சண்டை எதுவும் நிறத்தைப் பற்றியது அல்ல. ‘அவளுக்கு இந்த விலையில் எடுத்தால் இவளுக்கு எந்த விலையில் எடுப்பது’ என்பதுதான் எல்லாவற்றுக்கும் வேர். அந்தப் பேச்சை விற்பனையாளர் முன்னிலையில், நான்கு பேர் காது கேட்க, கால் கடுக்க நின்றுகொண்டு பேசும்போது நாள் கெட்டுப்போகிறது. ஆகவே போவதற்குச் சில நாட்கள் முன்பாக, ஒரு மாலை நேரத்தில் வளவில் (வீட்டு முற்றத்தில்) எல்லாரும் உட்கார்ந்து சிட்டை எழுதிவிடுங்கள். யார் யாருக்குப் பட்டு, யாருக்கு மென்பட்டு, யாருக்குப் பருத்தி, ஒவ்வொன்றும் எந்த விலையிலிருந்து எந்த விலை வரை என்பதை மட்டும் எழுதினால் போதும். நிறத்தையும் கரையையும் எழுத வேண்டாம். கடையில் தேர்ந்தெடுப்பதற்கு ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும் அல்லவா? பங்காளி வீடு, தாயபிள்ளைகள், வேலைக்கு இருப்பவர்கள் என்று ஒருவரும் விடுபடாமல் எழுதி முடித்து, கூட்டிப் பார்த்து, அப்பச்சி தலையசைத்த பிறகு அந்தத் தாளை மடித்துப் பையில் வையுங்கள். சண்டை போட வேண்டியிருந்தால் அன்றைக்கே போட்டு முடித்துவிடலாம். வீட்டில் போடும் சண்டைக்குக் காப்பி கிடைக்கும்.

அடுத்தது, பீரோவைத் திறந்து தங்கையிடமும் ஆத்தாவிடமும் ஏற்கனவே இருக்கும் பட்டுகளைப் பாருங்கள். அரக்கு நிறத்தில் மூன்று இருக்கும்போது நான்காவதும் அரக்காக வந்து சேர்வது கடையில் தெரியாது, வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். தங்கை அணியப்போகும் நகை கல் வைத்ததா, வெறும் பொன்னா என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கல் நகைக்குப் பின்னால் கரை முழுவதும் சரிகை வேலைப்பாடு இருந்தால் இரண்டும் எடுபடாது.

ஆட்களைப் பொறுத்தவரை மணப்பெண், ஆத்தா, பணத்துக்குப் பொறுப்பானவர், நிறம் பார்க்கத் தெரிந்த ஒருவர் ஆகிய நால்வர் பட்டுக்குப் போதும். மற்றவர்கள் வரட்டும், ஆனால் அவர்களுக்கு வேறு தளத்தில் வேறு வேலை இருக்கட்டும். சிங்கப்பூரில் இருக்கும் பெரியத்தாவுக்கும் கோலாலம்பூரில் இருக்கும் அண்ணமிண்டிக்கும் (அண்ணிக்கும்) கைபேசியில் காணொளி அழைப்பு போட்டுக் காட்டுவதை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். கைபேசித் திரையில் மாம்பழ மஞ்சள் எலுமிச்சை மஞ்சளாகத் தெரியும். இங்கே நேரில் பார்த்து மகிழ்ந்த பெண்ணின் முகம், அங்கிருந்து வரும் ஒரு ‘ம்ம்ம்’ சத்தத்தில் வாடிவிடும்.

ஊர்சுற்றி எழுதியது:

ஆச்சி சொல்வதை மறுத்துப் பேசுவதற்கு மன்னிக்க வேண்டும். சிட்டை எழுதி, விலை எழுதி, ஆளுக்கு ஒரு தளம் பிரித்துக் கொடுத்து விட்டால் அது மளிகைக் கடைக்குப் போவது போல் ஆகிவிடும். திருமண ஜவுளி எடுக்கும் நாளில் குடும்பமே சேர்ந்து ஊர் சுற்றுவதில்தான் இன்பம் இருக்கிறது. காரைக்குடியிலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டர்; அவ்வளவு தொலைவு போய்விட்டு ஒரே பெரிய கடைக்குள் காலை முதல் இரவு வரை அடைந்து கிடப்பதற்கு, போகாமலே இருக்கலாம்.

விளக்குத்தூணிலிருந்து தெற்கு மாசி வீதிப் பக்கம் நடந்தால் இரண்டு பக்கமும் துணிக்கடைகள்தான். நாயக்கர் அரண்மனையின் எஞ்சிய தூண்கள் நிற்கும் பத்துத்தூண் சந்துக்குள் நுழைந்தால், சிறிய கடைகளில் பாவாடைத் துணியும் ரவிக்கைத் துணியும் சுங்குடிப் புடவையும் மொத்த விலைக்கு நெருக்கமான விலையில் கிடைக்கும். எதை எடுக்கப் போகிறோம் என்று தெரியாமல் போய், கண்ணில் பட்ட ஒன்றின் மேல் ஆசைப்பட்டு எடுத்த துணியைத்தான் எங்கள் வீட்டில் இன்றும் எடுத்து எடுத்து உடுத்துகிறார்கள்.

கடைக்குள் இருந்தவள் எழுதியது:

நான் மதுரையில் ஒரு பெரிய ஜவுளிக் கடையின் பட்டுப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, இப்போது புதுவயலில் குடும்பத்தோடு இருக்கிறேன். மேலே பேசிய இருவரும் வாங்குபவர்களின் பக்கத்திலிருந்து பேசியிருக்கிறார்கள். மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நான் பார்த்தவற்றைச் சொல்கிறேன்.

முகூர்த்தப் பட்டை முதலில் எடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. கண் என்பது களைத்துப்போகும் உறுப்பு. சிவப்பையே வெகுநேரம் பார்த்த கண், அடுத்து எந்த நிறத்தைப் பார்த்தாலும் அதன் மேல் ஒரு பச்சைச் சாயலை ஏற்றிக்கொண்டு பார்க்கும். பிற்பகல் நான்கு மணிக்கு ‘இந்தச் சிவப்பு ஏன் மங்கலாக இருக்கிறது’ என்று கேட்பவர்கள், அதே புடவையைக் காலை பதினொரு மணிக்குப் பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள். இடையிடையே வெள்ளை வேட்டியையோ வெறும் சுவரையோ சிறிது நேரம் பார்த்துவிட்டுத் திரும்பினால் கண் தெளியும். கடை திறந்த முதல் ஒன்றரை மணி நேரத்தில் கூட்டமும் குறைவு, காட்டுபவர்களுக்கும் பொறுமை மிகுதி.

உட்கார்ந்தவுடன் உங்கள் விலை வரம்பைச் சொல்லிவிடுங்கள். ‘முதலில் காட்டுங்கள், விலையைப் பிறகு பார்ப்போம்’ என்பவர்களுக்கு, பழக்கத்தின் காரணமாக, விலை கூடிய அடுக்கிலிருந்துதான் முதலில் எடுத்துப் போடுவோம். அதைப் பார்த்த பிறகு உங்கள் வரம்புக்குள் வரும் நல்ல புடவைகூடச் சப்பென்று தெரியும், மணப்பெண்ணின் மனம் அந்த முதல் புடவையிலேயே நின்றுவிடும். நாளின் மகிழ்ச்சி பெரும்பாலும் அந்த முதல் பத்து நிமிடங்களில்தான் பறிபோகிறது.

அதற்கடுத்து, புடவைகள் குவிவதை அனுமதிக்காதீர்கள். பெரும்பாலான குடும்பங்கள் ‘வேண்டும்’, ‘வேண்டாம்’, ‘பார்க்கலாம்’ என்று மூன்று குவியல் வைக்கும். மதியத்துக்குள் ‘பார்க்கலாம்’ குவியல் முழங்கால் உயரம் வந்துவிடும், அதற்குள் எது முன்பு பிடித்தது என்பதே மறந்துபோகும். அதற்குப் பதிலாக, பிடித்த ஒன்றை மட்டும் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வரும் ஒவ்வொன்றையும் அதனோடு மட்டும் ஒப்பிடுங்கள். புதியது மேலானது என்றால் மடியில் இருப்பது திரும்பிப் போகட்டும். இல்லையென்றால் புதியது போகட்டும். எந்த நேரத்திலும் ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. இந்த முறையில் பார்த்த பெண்கள் எழுந்து போகும்போது ‘இன்னொன்றை எடுத்திருக்கலாமோ’ என்று திரும்பிப் பார்த்து நான் கண்டதில்லை.

கடைசிச் சுற்றுக்கு வந்த புடவையை மெத்தையில் விரித்துப் பார்ப்பதோடு நிறுத்தாமல், முந்தியைத் தோளில் போட்டுப் பெண்ணைப் பத்தடி தள்ளி நிற்கச் சொல்லிப் பாருங்கள். மணவறையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணை உறவினர்கள் அந்தத் தொலைவிலிருந்துதான் பார்ப்பார்கள். கையில் வைத்துப் பார்க்கும்போது உயிரோடு இருக்கும் பொடி வேலைப்பாடு, அந்தத் தொலைவில் வெறும் மங்கலாகிவிடும். பிறகு வாசல் வரை எடுத்துப் போய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கேட்டால் எந்தக் கடையிலும் மறுக்க மாட்டார்கள். கடைக்குள் மேலிருந்து விழும் மஞ்சள் விளக்கு, சரிகையை ஒரு படி உயர்த்தியே காட்டும்.

காட்டுபவரைப் பற்றியும் ஒரு சொல். தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு கொண்டுவந்த சட்டத் திருத்தத்தின்படி கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும். ஆனால் வாடிக்கையாளர் எதிரில் இருக்கும்போது தாமாக உட்காரப் பெரும்பாலானவர்களுக்குத் துணிவு வராது. ‘உட்கார்ந்துகொண்டே காட்டுங்கள் அம்மா’ என்று நீங்கள் சொன்னால், உள்ளே வைத்திருக்கும் புதுச் சரக்கு அவராகவே வெளியே வரும். புடவையைப் பிரித்துவிட்டோமே, மடிக்க வேண்டுமே என்று கூச்சப்பட வேண்டியதில்லை. மடிப்பது எங்களுக்கு வேலை, முகம் சுளிக்காமல் பேசுவது நீங்கள் கொடுப்பது.

ஊர்சுற்றி எழுதியது:

அக்கா சொன்னதைப் படித்த பிறகு முகூர்த்தப் பட்டு விஷயத்தில் நான் பின்வாங்குகிறேன். மற்றவற்றில் இல்லை. ஒரு கேள்வி: முதல் கடையிலேயே பட்டை எடுத்துவிட்டுப் பிறகு வீதியில் நடக்கும்போது, வேறு கடையின் கண்ணாடிக்குப் பின்னால் அதைவிட அழகான ஒன்று தெரிந்தால் என்ன செய்வது?

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

தம்பி, எடுத்த பிறகு அந்த வரிசையைப் பார்க்கவே கூடாது. பட்டுக் கடையைத் தாண்டிப் போகும்போது நீங்கள் மணப்பெண்ணோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே நடங்கள். ஊர் சுற்றத் தெரிந்தவருக்கு அதுகூடத் தெரியாதா?

தேவகோட்டைப் பெண் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ‘மடியில் ஒன்று மட்டும்’ என்பதை ஆத்தாவிடம் படித்துக் காட்டினேன். இதைக் கேட்பதற்கு ஒரு திருமணம் தாமதமாகிவிட்டதே என்று சொன்னார்கள். பட்டின் தரத்தையும், பில்லையும் பற்றி யாராவது சொல்ல முடியுமா? தங்கை வரவேற்புக்கு லெகங்கா வேண்டும் என்கிறாள். சென்ற முறை ஒரு கடையில் விலைச்சீட்டில் இருந்த தொகை ஒன்றாகவும், பில்லில் வந்த தொகை வேறாகவும் இருந்து, அங்கேயே நின்று அப்பச்சி வாதாடிக்கொண்டிருந்ததில் ஒரு மணி நேரம் போய்விட்டது.

கோட்டையூர்க் கணக்கர் எழுதியது:

விலைச்சீட்டுக்கும் பில்லுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் சரக்கு சேவை வரியால் வருவது. புடவை தைக்காத துணி என்ற வகையில் வருவதால், அதன் விலை எவ்வளவு ஆனாலும் வரி 5 விழுக்காடுதான். தைத்த ஆடைக்கு அப்படி இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல், உருப்படி ஒன்றுக்கு 2500 ரூபாய் வரை விற்கும் தைத்த ஆடைக்கு 5 விழுக்காடும், அதற்கு மேல் போனால் 18 விழுக்காடும் வரி. ஆகவே 12,000 ரூபாய்க்குப் பட்டுப்புடவை எடுத்தால் வரி 600 ரூபாய். அதே 12,000 ரூபாய்க்குத் தைத்த லெகங்கா எடுத்தால் 2160 ரூபாய். சிட்டை எழுதும்போதே இதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டால், கல்லாப்பெட்டி முன்னால் அப்பச்சி திகைத்து நிற்க வேண்டிய தேவை இருக்காது. ஒவ்வொரு பிரிவிலும் ‘இந்த விலை வரியோடு சேர்த்தா, வரி தனியா’ என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பட்டைப் பொறுத்தவரை, மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் இயங்கும் அமைப்பு வழங்கும் ‘சில்க் மார்க்’ முத்திரைச் சீட்டு தொங்குகிறதா என்று பாருங்கள். ஆனால் அந்த முத்திரை துணி அசல் பட்டு என்பதற்கு மட்டுமே சான்று. சரிகையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை, விற்பவர்களும் எடுத்துச் சொல்வதில்லை. அசல் சரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன் முலாம் ஏற்றியது. புடவையின் உள்பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சரிகை இழை ஒன்றை நகத்தால் உரசிப் பார்த்தால், அசல் சரிகையில் பொதுவாக உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும். இது முதல் அடையாளம் மட்டுமே, முடிவான சான்று அல்ல. வெள்ளிக்குப் பதிலாகச் செம்புக் கம்பி சுற்றிய ‘ஹாஃப் ஃபைன்’ சரிகையும் கேவலமானது அல்ல, எடையும் குறைவு; ஆனால் அதற்கு அசல் சரிகையின் விலையைக் கொடுக்கக் கூடாது. அதனால் பில்லில் ‘அசல் சரிகை’ என்றோ ‘ஹாஃப் ஃபைன்’ என்றோ எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அந்தத் தயக்கமே உங்களுக்கு விடை.

பில்லின் அடியில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள்ளும், காலம் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால் 30 நாட்களுக்குள்ளும் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். கவனிக்க வேண்டியது என்னவென்றால், இது குறையுள்ள பொருளுக்கு மட்டும். நாத்தனாருக்கு நிறம் பிடிக்கவில்லை என்பது சட்டத்தின் கண்ணில் குறை அல்ல. அதற்கு மாற்றிக் கொடுப்பார்களா, எத்தனை நாளுக்குள் என்பதைப் பணம் கட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

தறிவீட்டுப் பிள்ளை எழுதியது:

காரைக்குடியில் நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்தவன். உங்கள் சிட்டையில் பருத்திப் புடவைகள் இருக்குமானால், அவற்றை மதுரைப் பயணத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ஒரே நாளில் பட்டும் பருத்தியும் பார்க்கும்போது, பட்டின் பளபளப்பைப் பார்த்த கண்ணுக்குப் பருத்தி ஏழையாகத் தெரியும். அத்துடன், நம் ஊர்ப் பருத்திப் புடவையான கண்டாங்கியை வாங்க 90 கிலோமீட்டர் தாண்டிப் போவதில் எந்தப் பொருளும் இல்லை.

காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பிறகு கட்டம் போட்ட எந்தப் புடவையையும் கண்டாங்கி என்று சொல்லி விற்பது பெருகிவிட்டது. கைத்தறிக் கண்டாங்கியின் கரை ஓரத்தைக் கூர்ந்து பார்த்தால், சீரான இடைவெளி இல்லாமல் சிறு சிறு ஊசித் துளைகள் தெரியும். நெய்யும்போது துணி உள்வாங்காமல் இருக்க, இரண்டு ஓரத்தையும் இழுத்துப் பிடிக்கும் கம்பின் முனைகள் பதிந்த தடம் அது. கட்டங்களும் இம்மி பிசகாமல் ஒன்றுபோல் இருக்காது. கையில் எடுத்தால் கனமாக இருக்கும், முதலில் சற்று முரடாகவும் இருக்கும். துவைக்கத் துவைக்க இளகி உடம்போடு சேர்ந்துவிடும். கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு, கறுப்பு ஆகியவை பழைய நிறங்கள். அவற்றில் அகலக் கரையோடு எடுத்துக் கொடுத்தால் வயது எதுவானாலும் மறுக்க மாட்டார்கள். வாங்கும் முன் நனைத்த வெள்ளைக் கைக்குட்டையால் உள்பக்கம் ஒரு மூலையில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், சாயம் ஒட்டுகிறதா என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று, திருமண வீட்டுக்காரர்கள் பலருக்குத் தெரியாதது. தறியில் ஒரு பாவு (நீளவாட்டு நூல்) ஏற்றினால் ஒரு புடவையோடு முடிவதில்லை. அதே பாவில் பல புடவைகள் வரும். ஊடை (குறுக்கு நூல்) நிறத்தையும் முந்தியையும் மாற்றிக்கொண்டே போகலாம். நாத்தனார்கள், ஓரகத்திகள் என்று ஒரே உறவுநிலையில் இருப்பவர்களுக்கு ஒரே பாவிலிருந்து எடுத்தால், விலையிலும் தரத்திலும் ஒருவருக்கொருவர் குறைவில்லாமலும், நிறத்தில் ஆளுக்கு ஒன்றாகவும் அமைந்துவிடும். ஆச்சி சொன்ன அந்த ‘அவளுக்கு இவளுக்கு’ என்ற பேச்சுக்கே இடம் இருக்காது. ஆனால் பாவின் நிறத்தைப் புதுப் பாவு ஓட்டும் நேரத்தில்தான் மாற்ற முடியும். தை மாதத்துக்கு வேண்டும் என்றால், தீபாவளி வேலை முடிந்த கையோடு வந்து சொல்லிவிடுங்கள். அப்பத்தாவையும் கூட்டி வாருங்கள்; தறி ஓடும் வீட்டில் திண்ணை உண்டு, கால் நீட்டி உட்கார்ந்துகொண்டே பார்க்கலாம்.

புதுவயல் தையலகம் எழுதியது:

சுருக்கமாகச் சொல்கிறேன். நன்றாகப் பொருந்தும் பழைய ரவிக்கை ஒன்றையும் அளவு நாடாவையும் பையில் வையுங்கள். ஐந்தரை மீட்டர் புடவையோடு ரவிக்கைத் துணி 80 சென்டிமீட்டராவது இருக்கிறதா என்று கடையிலேயே அளந்து பாருங்கள். முழுக்கை வைக்க வேண்டும் என்றால் அது போதாது, தனியாக எடுக்க வேண்டும். ரவிக்கைத் துணியைக் கடையிலேயே வெட்டித் தரச் சொல்லாதீர்கள். ஓரம் அடித்து, ஃபால்ஸ் (கீழ்க்கரையின் உள்பக்கம் வைக்கும் பட்டைத் துணி) தைத்துத் தருகிறோம் என்பார்கள். கைத்தறிப் பருத்திக்கு முதலில் ஒரு முறை நனைத்துச் சுருங்கவிட்ட பிறகுதான் ஃபால்ஸ் தைக்க வேண்டும், இல்லையென்றால் கீழ்க்கரை சுருண்டு நிற்கும்.

தேவகோட்டைப் பெண் எழுதியது:

தம்பி சொன்னது பெரிய உதவி. கண்டாங்கிக்குத் தனியாக ஒரு நாள் வருகிறோம். அப்பத்தாவுக்குத் தறிவீட்டுத் திண்ணை என்ற செய்தி இப்போதே போய்விட்டது. ஆனாலும் மதுரைக்கும் வருவேன் என்கிறார்கள். மீனாட்சியைப் பார்க்காமல் ஜவுளி எடுப்பதா என்று கேட்கிறார்கள். ரவிக்கை தைக்கக் கோயிலுக்கு எதிரிலுள்ள புது மண்டபத்துக்கே போக வேண்டுமாம்.

ஊர்சுற்றி எழுதியது:

இது என் களம். புது மண்டபத்தில் இருந்த தையற்காரர்களும் கடைகளும் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டார்கள். அப்பத்தாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அங்கே போய் நின்று வருத்தப்பட வேண்டாம். கோயில் நண்பகல் பன்னிரண்டரைக்கு நடை சாத்தி மாலை நான்கு மணிக்குத்தான் திறக்கும். உள்ளே கைபேசிக்கு அனுமதி இல்லை, ஆகவே புடவைப் பைகளோடும் கைபேசிகளோடும் மொத்தக் குடும்பமும் கோபுர வாசலில் போய் நிற்காமல், பைகளை வண்டியில் வைத்துவிட்டுப் போங்கள். அப்பத்தாவை நேராகப் பட்டுப் பிரிவுக்கு அழைத்துப் போய் நாற்காலி கேட்டு உட்கார வையுங்கள். மெத்தையில் உட்காரச் சொன்னால் எழுப்ப இரண்டு பேர் வேண்டும். முகூர்த்தப் பட்டு முடிவானதும் அதை அவர்கள் மடியில் வைத்து ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். அதன் பிறகு அவர்களையும் துணைக்கு ஒருவரையும் வண்டியிலோ விடுதி அறையிலோ ஓய்வெடுக்க விட்டுவிட்டு, நான்கு மணிக்குக் கோயிலில் சேர்ந்துகொள்ளலாம். பகல் வாடகைக்கு ஓர் அறை எடுப்பது வீண் செலவு என்று அப்பச்சி சொல்வார்கள். அப்பத்தாவின் காலை முன்னிட்டு இந்த ஒரு முறை அவர்களோடு வாதாடுங்கள்.

சாப்பாட்டை ஒரு மணிக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த நேரத்தில் மாசி வீதிகளைச் சுற்றியுள்ள உணவகங்களில் இடம் பிடிக்க நிற்பதே பெரும் வேலை. பன்னிரண்டுக்கே இலை போட்டுவிட்டு, முழுச் சாப்பாடாக இல்லாமல் அளவாகச் சாப்பிட்டால் பிற்பகலில் கண் சொருகாது. வீட்டிலிருந்து தேன்குழலும் மாவுருண்டையும் கொண்டு போங்கள். நான்கு மணிப் பசிக்கு அதைவிடக் கைகொடுப்பது வேறில்லை. விளக்குத்தூண் ஜிகர்தண்டாவை மட்டும் எல்லாத் துணியும் எடுத்து முடித்த பிறகு குடியுங்கள். குளிர்ந்த பால் வயிற்றுக்குள் போனதும் யாருக்கும் இன்னொரு மாடி ஏற மனம் வராது.

கடைக்குள் இருந்தவள் எழுதியது:

ஆண்களைப் பற்றி யாரும் பேசவில்லை. பட்டுப் பிரிவின் ஓரத்தில் போட்டிருக்கும் நீண்ட பெஞ்சில் கைபேசியைப் பார்த்துக்கொண்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ‘ஆச்சா?’ என்று கேட்கும் ஆண்கள்தான் பெண்களை அவசரப்படுத்தித் தவறான புடவையை எடுக்க வைக்கிறார்கள். அவர்களிடம் வேட்டிப் பிரிவை முழுவதுமாக ஒப்படைத்துவிடுங்கள். எட்டு முழம் எத்தனை, நான்கு முழம் எத்தனை, கரை எந்த அகலம், துண்டு சேர்த்தா தனியா என்று அதிலும் நேரம் எடுக்கும் வேலை இருக்கிறது. சட்டை அளவுகளைக் கேட்டு ஊருக்குத் தொலைபேசியில் பேசுவதிலேயே பாதி மதியம் போய்விடும்.

சிறு பிள்ளைகளைக் கூட்டிப் போக வேண்டாம். உடுப்பு அளவுக்குப் பழைய சட்டை ஒன்று போதும்.

கோட்டையூர்க் கணக்கர் எழுதியது:

நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமையையும் முகூர்த்த நாட்களுக்கு முந்தைய வாரத்தையும் தவிருங்கள். செவ்வாய்க்கிழமை கூட்டம் குறைவாக இருக்கும், ஆனால் மங்கலத் துணிக்குப் பெரியவர்கள் ஒப்ப மாட்டார்கள். பரிசளிக்கும் புடவைகளில் ஒரு பகுதியைத் தீபாவளியை ஒட்டிக் கோ-ஆப்டெக்ஸ் கடையில் எடுத்துவிட்டால் சிட்டையில் பாதி குறைந்துவிடும். 1935இல் தொடங்கிய அந்தக் கூட்டுறவு நிறுவனம், பண்டிகைக் காலத்தில் 30 விழுக்காடு வரை தள்ளுபடி தருவது வழக்கம். கைத்தறி என்று நம்பி வாங்கலாம்.

தேவகோட்டைப் பெண் எழுதியது:

வீட்டில் இன்று மாலை இந்தப் பதிவுகளை வைத்துக்கொண்டே பேசி முடித்தோம். கண்டாங்கிக்குக் காரைக்குடியில் ஒரு நாள். பரிசளிக்கும் பருத்தியில் ஒரு பகுதி கோ-ஆப்டெக்ஸில். மதுரைக்குப் பட்டும் வேட்டியும் பிள்ளைகள் உடுப்பும் மட்டும். லெகங்காவின் வரியைக் கேட்ட தங்கை, வரவேற்புக்கும் பட்டே போதும் என்கிறாள். அது வரியின் மேல் வந்த அச்சமா, அப்பச்சியின் முகத்தைப் பார்த்த பிறகு வந்த ஞானமா என்பது தெரியவில்லை. மதுரைக்குப் புதன்கிழமை என்று வைத்திருக்கிறோம். காலை ஏழு மணிக்குத் தேவகோட்டையில் புறப்பட்டால் கடை திறக்கும்போது போய்விடலாம் என்பது அண்ணனின் கணக்கு. ஊர்சுற்றி அண்ணன் சொன்னபடி பிற்பகலில் ஒரு மணி நேரம், சிட்டையில் இல்லாத எதையாவது பார்த்து வாங்குவதற்கென்று தங்கையிடம் தனியாகச் சிறு தொகை கொடுக்கப் போகிறேன். வேறு ஏதாவது விட்டுப்போயிற்றா?

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

புதன்கிழமை என்றால் ராகு காலம் பன்னிரண்டு முதல் ஒன்றரை வரை. முகூர்த்தப் பட்டுக்குப் பன்னிரண்டு மணிக்குள் பில் போட்டு, மஞ்சள் குங்குமம் தொட்டு வைத்து வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தைச் சாப்பாட்டுக்கும் அப்பத்தாவின் ஓய்வுக்கும் வைத்துக்கொண்டால், தம்பி சொன்ன பன்னிரண்டு மணிச் சாப்பாடும் தானாகவே பொருந்திவிடும். மற்ற புடவைகளுக்கு நேரம் பார்க்க வேண்டியதில்லை என்று நான் சொன்னதாக ஆத்தாவிடம் சொல்லுங்கள்.